சாதனைப் பக்கம்

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்றைக்கே முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, நம்ம செய்திமடலுக்கு இந்த வருஷத்துச் சாதனைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. ரெண்டு நாள் போதுமில்ல?" போதும் சார் என்றேன். தை போய் மாசியும் பாதி கழிந்துவிட்டது. பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

பம்ப் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். கண் ஆஸ்பத்திரிக்கு, ஜவுளிக்கடைக்கு, நூற்பாலைக்கு, பொறியியல் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். 2008இலிருந்து அதுதான் பிழைப்பு. எங்களைப் பற்றி எழுத மட்டும் கை வரவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

நாங்கள் ஆறு பேர். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே எங்கள் அலுவலகம். வாசலில் 'பப்ளிக் ரிலேஷன்ஸ்' என்று போர்டு. சொந்தக்காரர்களுக்கு என் வேலையைப் புரியவைக்க நான் படாத பாடில்லை. அம்மாவைக் கேட்டால் மகள் பேப்பர் ஆபீஸில் இருக்கிறாள். மாமியாரைக் கேட்டால் மருமகள் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறாள். இரண்டும் இல்லை. பி.ஆர்.ஓ. என்றால் நம் ஊரில் இரண்டு பேரைத்தான் தெரியும். ஒருவர் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். இன்னொருவர் சினிமா பி.ஆர்.ஓ., போஸ்டரின் கடைசி வரியில் பெயர் வருபவர். தமிழ் சினிமாவில் அந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் தொடங்கியது அது. நாங்கள் இந்த இருவரும் அல்லாத மூன்றாவது சாதி. தொழிற்சாலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பி.ஆர்.ஓ. வேலையை மாதச் சம்பளத்துக்குச் செய்து கொடுப்பவர்கள்.

விளம்பரத்துக்கும் எங்கள் வேலைக்கும் வித்தியாசம் எளிது. விளம்பரத்தில் பத்திரிகையின் இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். வாங்கிய இடத்தில் உங்கள் தாத்தா படத்தைப் போட்டாலும் கேட்க ஆளில்லை. எங்கள் வேலையில் இடத்துக்குக் காசு கிடையாது. இது வாசகருக்குச் செய்திதான் என்று நிருபர் நம்ப வேண்டும், நிருபர் நம்பியதை டெஸ்க்கில் இருப்பவர் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் குப்பைக்கூடை. வாடிக்கையாளர் எங்களுக்குக் கொடுக்கும் சம்பளம் முயற்சிக்குத்தான், முடிவுக்கு அல்ல. இதை அவர்களுக்குப் புரியவைப்பதில்தான் பாதி வருஷம் போகிறது.

சரி, சாதனை. முதலில் ஃபைலை எடுத்தேன்.

கடந்த வருஷம் எனக்கே பிடித்த செய்தி ஒன்று உண்டு. பம்ப் கம்பெனி ஒன்று செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டரை வெளியிட்டது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிக்குப் பஞ்சமா? அந்தக் கம்பெனி முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டுப் பையன் எழுதிய பிரஸ் நோட்டில் 'உலகத்தரம் வாய்ந்த', 'புரட்சிகரமான', 'அதிநவீன' என்று மூன்றும் முதல் வரியிலேயே இருந்தன. நான் அந்த மூன்றையும் அடித்துவிட்டு, "ஐயா, இதை வாங்குறவங்க யாருங்க?" என்று கேட்டேன். அவர் பேச ஆரம்பித்தார். தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு எந்த நேரம் விடுகிறார்களோ அந்த நேரத்துக்கு எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் கம்புமாக வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு, பள்ளம், மழைக்காலத்தில் ஈரக்கையோடு தொடும் ஸ்விட்ச். அவர் அப்பாவும் அப்படி நடந்தவர்தான். "அந்த நடையை நிறுத்தத்தான் அம்மிணி இந்த டப்பா" என்றார்.

அதுதான் செய்தி. கம்பெனியின் பெயர் மூன்றாவது பத்தியில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, ராத்திரி வரப்பில் நடக்கும் விவசாயியை முதல் வரியில் வைத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் அதை வாங்கிய ஒரு தோட்டக்காரரின் போன் நம்பரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, நிருபர்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பத்திரிகையில் மாவட்டப் பக்கத்தின் மேல்பாதியில் வந்தது. ஒன்றில் கம்பெனியின் பெயரே இல்லை. பையனுக்குக் கோபம். பெரியவர் மட்டும் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதைச் சாதனை என்று எழுதலாமா? வாடிக்கையாளர் பெயரே வராத செய்தியை எங்கள் செய்திமடலில் போட்டால் அடுத்த வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்றார் எங்கள் முதலாளி. அதுவும் நியாயம்தான்.

அடுத்து எண்ணிக்கை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. செய்தி வந்த பத்திரிகையை வெட்டி, ஒரு காகிதத்தில் ஒட்டி, அடிஸ்கேல் வைத்து உயரமும் அகலமும் அளப்போம். அந்த இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பத்திரிகையின் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருக்குவோம். செய்திக்கு விளம்பரத்தைவிட மதிப்பு அதிகம் என்று சொல்லி அதை மறுபடியும் மூன்றால் பெருக்குகிறவர்களும் உண்டு. ஏன் மூன்று, ஏன் நான்கரை இல்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. மாதக் கடைசியில் "உங்களுக்கு இத்தனை லட்ச ரூபாய் விளம்பரத்துக்குச் சமமான செய்தி வந்திருக்கிறது" என்று வாடிக்கையாளரிடம் நீட்டுவோம். அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

சில வருஷங்களுக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு நூற்பாலைக்கு இப்படி அளந்துகொண்டிருந்தான். அந்த மாதம் தொகை வழக்கத்தைவிட எகிறியிருந்தது. எப்படி என்று ஃபைலைப் புரட்டினால், ஆலையின் பஞ்சு குடோனில் தீப்பிடித்த செய்தியைப் படத்தோடு அளந்து கூட்டியிருக்கிறான். மூன்று காலம், கலர். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பெயர் வந்தால் அளக்கச் சொன்னதே நாங்கள்தானே.

இந்த அளவுகோல் எங்கள் தொழிலுக்கே ஆகாது என்று உலக அளவில் எங்கள் ஆட்களே கூடிச் சொல்லிவிட்டார்கள். 2010இல் பார்சிலோனாவில் கூடி, விளம்பர விலைக்குச் சமம் என்பது எங்கள் வேலையின் மதிப்பு ஆகாது என்று கோட்பாடாகவே எழுதிவைத்தார்கள். படித்த ஒருவர் என்ன நினைத்தார், என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். சரிதான். ஆனால் செய்தியைப் படித்துவிட்டு மோட்டார் வாங்கியவர் யார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லி வாங்கியவர் யார் என்று காந்திபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படி எண்ணுவது? ஆகவே அடிஸ்கேல் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. வெளியே எடுக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விருதுகள்? எங்கள் அலமாரியில் மூன்று கண்ணாடிப் பலகைகள் இருக்கின்றன. விருது என்றால் யாரோ நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்து கூப்பிட்டுக் கொடுப்பது என்று நீங்கள் நினைத்தால், நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன். விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம். விழாவுக்கு டிக்கெட். பிரிவுகள் நிறைய இருக்கும். 'சிறந்த மண்டல நிறுவனம்' என்ற பிரிவில் போட்டிக்கு வருகிறவர்கள் குறைவு. எல்லா விருதும் இப்படி என்று சொல்லமாட்டேன். எங்கள் மூன்றில் ஒன்றுக்காவது நாங்கள் நிஜமாகவே உழைத்திருக்கிறோம். எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இங்கே 'மண்டலம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் மும்பையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் ஏதாவது திறப்பு விழா என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆங்கிலத்தில் பிரஸ் நோட் வரும், நாலு மணிக்கு பிரஸ் மீட். இடையில் தமிழாக்கம், நிருபர்களுக்குப் போன், ஹோட்டல் ஹாலில் மைக், பின்னால் பேனர், எல்லாம் நாங்கள். எங்கள் பெயர் எங்கும் இருக்காது. இப்போதெல்லாம் தமிழாக்கத்தையும் அவர்களே இயந்திரத்தில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். போன ஆடியில் ஒன்று வந்தது: 'புதிய ஈர அரைப்பானை நிறுவனம் ஏவியது.' கிரைண்டரை ஏவினால் எந்தச் சமையலறையில் போய் விழும்? அதுவும் கோயம்புத்தூரில்! புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டர் இந்த ஊர்க் கிரைண்டர். ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டிய ஊருக்கே அதை 'ஈர அரைப்பான்' என்று அறிமுகம் செய்தால் டெஸ்க்கில் இருப்பவர் சிரித்துவிட்டு ஓரம் வைப்பார். உட்கார்ந்து முழுக்கத் திரும்ப எழுதினேன். அன்றைக்கு நான் செய்த வேலையை மும்பைக்காரர்கள் தங்கள் அறிக்கையில் 'உள்ளூர் ஒத்துழைப்பு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில் சிக்கல் வேறு மாதிரி. அப்போது ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. நாம் அழகாகத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினால் அங்கே கோழி கிளறியதுபோல் குறிகள் நிற்கும். ஆகவே பிரதி எடுத்து, படத்தை சி.டி.யில் ஏற்றி, ஸ்கூட்டியில் ஒவ்வொரு அலுவலகமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் எங்கள் ஆபீஸ் பையன் பஸ்ஸில் போவான். பிறகு எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் வந்தன. 2010இல் அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, மெல்ல மெல்ல எல்லோரும் மாறினார்கள். வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் அந்த ஸ்கூட்டி நாட்களில்தான் டெஸ்க்கில் இருப்பவர்களை நேரில் பார்த்துப் பழகினேன். எதை வாங்குவார்கள், எதைக் கையில் வாங்கும்போதே முகம் சுளிப்பார்கள் என்று அங்கேதான் படித்தேன். இன்றைக்குச் சேரும் பிள்ளைகள் ஒரு நிருபரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டு, "அனுப்பியாச்சு மேடம்" என்கிறார்கள்.

அப்படிப் பழகியதால்தான் ஒரு அவமானத்திலிருந்து தப்பித்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு 'தென்னிந்தியாவிலேயே முதல்முறையாக' என்ற சொற்கள் மேல் ஒரு தனிப் பிரியம். ஒரு ஆஸ்பத்திரி ஒரு அறுவை சிகிச்சையைப் பற்றி அப்படி எழுதித் தரச் சொன்னது. டாக்டரே சொல்கிறாரே என்று எழுதி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு மூத்த நிருபர் போன் செய்தார். "ஏம்மா, அடுத்த தெருவிலேயே இதை ரெண்டு வருஷம் முன்னாடி பண்ணிட்டாங்க. நான்தான் எழுதினேன். அனுப்பட்டுமா கட்டிங்?" கைகால் வெலவெலத்துவிட்டது. எல்லாப் பத்திரிகைக்கும் போன் போட்டு, அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மூன்றில் எடுத்துவிட்டார்கள், ஒன்றில் வந்துவிட்டது. அதிலிருந்து 'முதல்', 'முன்னணி', 'ஒரே' என்று யார் சொன்னாலும் "யாராவது போன் பண்ணிக் கேட்டா என்ன காட்டுவீங்க?" என்று கேட்பேன். வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதே இல்லை.

கவர் விஷயத்தையும் மறைக்க வேண்டாம். பிரஸ் மீட்டில் பையில் பேனாவும் நோட்டும் ஸ்வீட் பாக்ஸும் வைப்பது வழக்கம். சிலர் கூடவே ஒரு கவரும் வைப்பார்கள். நான் சேர்ந்த முதல் வருஷம் ஒரு நிருபர் அதைத் திருப்பிக் கொடுக்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை, மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் பொறுப்பெடுத்த பிரஸ் மீட்டில் கவர் கிடையாது. அதற்காக வாங்குகிறவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று சில்லறைக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு தாலுகா தாலுகாவாக வண்டியில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கிறவனின் கை சுத்தமா என்றும் கேட்க வேண்டுமில்லையா?

இப்போது நான் எழுத விரும்பிய, எழுத முடியாத சாதனைக்கு வருகிறேன். கடையின் பெயரும் பண்டத்தின் பெயரும் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் போன். இனிப்பு, காரம், கேக் எல்லாம் விற்கும் கடைக்காரர். அவர் கடைப் பண்டத்தில் புழு நெளிவதாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வக்கீல் பக்கத்தில் இருக்கிறார், பொய் வீடியோ என்று மறுப்பு எழுதித் தர வேண்டும், மான நஷ்ட வழக்கு என்றும் சேர்க்க வேண்டும். "பொய்தானுங்களே?" என்றேன். பதில் வரவில்லை. நேரில் போனோம். குடோனில் ஒரு மூட்டை முந்திரி பழசு. வீடியோ நிஜம்.

விடியும்வரை வாதம். கடைசியில் நாலு வரி எழுதினோம். நடந்தது உண்மை. காரணம் இன்ன மூட்டை. அந்தப் பண்டம் எல்லாக் கிளையிலிருந்தும் எடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் பில் இல்லாமல் வந்தாலும் பணம் திரும்பத் தரப்படும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் நாங்களே முதலில் தகவல் சொல்லச் சொன்னோம். ஞாயிறு காலை அந்த நாலு வரியை அனுப்பினேன். போன் செய்த ஒவ்வொரு நிருபரிடமும் கடைக்காரரே பேசினார். திங்கட்கிழமை சிங்கிள் காலத்தில் வந்தது. புதன்கிழமை ஊர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை ஒன்றுமில்லை. 1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அந்தக் கால ரயில்வே கம்பெனிகளின் வழக்கம். அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, முன்னாள் நிருபர், நடந்ததை நடந்தபடி எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததோடு நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். முதல் பிரஸ் நோட் என்று எங்கள் தொழிலில் அதைத்தான் சொல்வார்கள். 1982இல் சிகாகோவில் டைலனால் மாத்திரையில் யாரோ விஷம் கலந்து ஏழு பேர் இறந்தபோது, தயாரித்த கம்பெனி தன் தவறு இல்லாதபோதும் 3 கோடிக்கும் அதிகமான பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பாடம் நடத்தும்போதெல்லாம் இந்த இரண்டையும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இன்னொன்று: அதே ஐவி லீதான் 1914இல் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் செத்த பிறகு, முதலாளி பக்கத்துக்கு வேலை பார்த்துத் தப்பான கணக்குகளை அச்சடித்து அனுப்பினார். ஐவி என்றால் ஒரு கொடி; எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷக்கொடி' என்று பெயர் வைத்தார். ஒரே ஆள், ஒரே கை. அந்தச் சனிக்கிழமை ராத்திரி வக்கீல் கேட்ட மறுப்பை எழுதித் தர என் கைக்கும் பத்து நிமிஷம் போதும். அந்த நாலு வரியைவிட நன்றாகவே எழுதியிருப்பேன்.

கடைக்காரர் அடுத்த வாரம் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார். "மேடம், இது நம்மளோட இருக்கட்டுங்க" என்றார். இருக்கட்டும். ஆகவே சாதனைப் பக்கத்தில் அது இல்லை.

கடைசியில் பங்குனி முதல் வாரம் ஐந்து வரி எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். இந்த வருஷம் இத்தனை பிரஸ் நோட் அனுப்பினோம். அதில் இத்தனை அச்சாயின. இரண்டில் தப்பு இருந்தது, நாங்களே திருத்தம் அனுப்பினோம். புதிதாக இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் பத்திரிகை வேலைக்கே திரும்பிப் போய்விட்டார்.

முதலாளி படித்தார். தப்பு இருந்தது என்ற வரியைச் சிவப்பு மையில் அடித்தார். மேலே, எங்கள் பெயருக்கு முன்னால், 'தென்னிந்தியாவின் முன்னணி மக்கள் தொடர்பு நிறுவனம்' என்று சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"சார், யாராவது போன் பண்ணிக் கேட்டா?"

"நம்ம செய்திமடலைப் படிச்சுட்டு யாரும்மா போன் பண்ணப் போறாங்க?"

நான் 'முன்னணி'யை அடித்துத் திருப்பி வைத்தேன். மறுநாள் காலை அது மறுபடியும் அங்கே இருந்தது, இந்த முறை தட்டச்சில். பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.